தோற்ற படம் எப்படித் திரும்பி வருகிறது? பழைய தமிழ்ப் படங்களின் மறுமதிப்பீடு குறித்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

1. கேள்வி

1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வெளியாயின. ரஜினிகாந்த், மம்மூட்டி, மணிரத்னம், இளையராஜா என்று அணிவகுத்த ‘தளபதி’க்கு முன்னால் ‘குணா’ எடுபடவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பேசும் ரசிகர்களிடையே நிலைமை வேறு. ‘தளபதி’யை யாரும் கைவிடவில்லை. ஆனால் ‘குணா’வுக்கு அன்று கிடைக்காத மரியாதை இன்று வட்டியோடு கிடைக்கிறது. ‘அன்பே சிவம்’, ‘ஆயிரத்தில் ஒருவன்’, ‘இருவர்’, ‘புதுப்பேட்டை’, ‘ஹே ராம்’ என்று இந்த வரிசை நீளும். டீக்கடைப் பேச்சானாலும் திரைப்படச் சங்கக் கூட்டமானாலும், பழைய படங்களுக்கு மார்க் போடும் விவாதம் கடைசியில் ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கும்: “அப்ப ஓடல, ஆனா காலம் அதை ஜெயிக்க வச்சிடுச்சு.”

இந்த வாக்கியத்தில் எழுவாய் ‘காலம்’. அது சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. காலம் தானாக எந்தப் படத்தையும் மறுமதிப்பீடு செய்வதில்லை. படம் மறுபடி பார்க்கக் கிடைப்பது, அதற்காகப் பரிந்து பேசும் ஒரு புகழ்பெற்ற பெயர் இருப்பது, அதைப் புதிதாக வாசிக்க வைக்கும் ஒரு வெளிநிகழ்வு நேர்வது ஆகிய மூன்றுமே அந்த வேலையைச் செய்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். இது உண்மையென்றால், நாம் போடும் மார்க்குகள் படங்களின் தரத்தைச் சொல்லும் அளவுக்கு, எந்தப் படங்களால் திரும்பி வர முடிந்தது என்பதையும் சொல்கின்றன.

2. இதுவரை சொல்லப்படும் விளக்கங்கள்

தோற்ற படம் பின்னாளில் கொண்டாடப்படுவதற்கு ரசிகர்களிடையே இரண்டு விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது, ‘காலத்துக்கு முந்திய படம்’. அன்றைய பார்வையாளர் பக்குவப்படவில்லை, இன்றைய பார்வையாளர் பக்குவப்பட்டுவிட்டார் என்பது இதன் உட்பொருள். இதைச் சோதிக்க ‘அந்த நாள்’ (1954) ஏற்ற படம். எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த இப்படத்தில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. கொலை செய்யப்பட்ட ரேடியோ பொறியாளர் ராஜனாக சிவாஜி கணேசன். யார் கொன்றிருக்கக்கூடும் என்பதை ஆளாளுக்கு ஒரு கோணத்தில் சொல்லச் சொல்லக் கதை அவிழ்கிறது. நாயகனின் மரணத்தில் தொடங்கும் பாட்டில்லாத தமிழ்ப் படத்தை அன்றைய திரையரங்குகள் ஏற்கவில்லை. தேசிய விருதுச் சான்றிதழ் கிடைத்த பிறகு மறுபடி வெளியானபோது வரவேற்பு கூடியது. படத்தின் கௌரவத்தை மீட்கத் தலைமுறைகள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு விருது போதுமானதாக இருந்தது.

அதைவிட முக்கியமான சிக்கல் வேறொன்று. ‘முந்தியது’ என்று சொன்னால், பின்னால் வந்தவர்கள் அந்த வழியே வந்திருக்க வேண்டும். ‘அந்த நாள்’ வெளியாகி எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தமிழில் பாட்டில்லாத படம் விதிவிலக்குதான். ‘வீடு’ (1988), ‘குருதிப்புனல்’ (1995) என்று பெயர் சொல்லி எண்ணுகிற அளவில்தான் அவை இருக்கின்றன. காலம் அந்தத் திசையில் போகவே இல்லை. படம் தன் காலத்துக்கு முந்தியிருக்கவில்லை, தன் காலத்தின் வழக்கத்திலிருந்து விலகியிருந்தது என்பதே பொருத்தம்.

இரண்டாவது விளக்கம் ஏக்கம். இளமையில் பார்த்ததெல்லாம் இனிக்கும் என்பது அனுபவ உண்மை மட்டுமல்ல, அதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்களின் இசை விருப்பம் அவர்கள் சுமார் 23, 24 வயதில் கேட்ட பாடல்களின்மேல் உச்சம் கொள்வதைக் கண்டார்கள். 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுபடி வெளியானபோது அரங்கு நிறைந்ததற்கு இந்த விளக்கம் ஓரளவு பொருந்தும். ஆனால் ‘கில்லி’ முதல் வெளியீட்டிலேயே வென்ற படம். தோற்ற படத்துக்கு இந்த விளக்கம் எட்டாது. ‘குணா’வைக் கொண்டாடுவோரில் பெரும்பகுதியினர் 1991க்குப் பின் பிறந்தவர்கள். பார்க்காத ஒன்றின்மேல் ஏக்கம் வராது.

இரண்டு விளக்கங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டும் பார்வையாளரின் மனத்தை மட்டும் பேசுகின்றன. படம் எந்த வழியாக அவரிடம் வந்து சேர்ந்தது என்று கேட்பதில்லை.

3. அளவுகோல்கள் மாறிய விதம்

தமிழ் ரசிகர் படத்தை அளந்த முதல் கோல், ஓடிய நாள். ‘ஹரிதாஸ்’ (1944) சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட கதை இன்றும் பேசப்படுகிறது. நூறு நாள், வெள்ளிவிழா என்ற சொற்கள் சுவரொட்டியில் ஏறியதும் அதுவே தரச்சான்று ஆயிற்று. எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர் மன்றங்கள் எந்த ஊரில் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்று கணக்கு வைத்துச் சண்டையிட்டது இந்தக் கோலை வைத்துத்தான்.

அடுத்தது பத்திரிகை மார்க். ஆனந்த விகடன் விமர்சனத்தின் முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று போட்ட எண், வீடுகளில் பரீட்சை மார்க்கைப்போல விவாதிக்கப்பட்டது. ‘16 வயதினிலே’ (1977) பெற்ற 62.5 இன்றும் மேற்கோளாகச் சொல்லப்படுகிறது. அந்த மார்க்கைப் போட்டது ஓர் ஆசிரியர் குழு. படம் வெளியான வாரத்தில், ஒரே ஒருமுறை. பின்னால் அதைத் திருத்தும் வழக்கம் இல்லை.

மூன்றாவது, பத்துக்கு இத்தனை என்று பொதுமக்கள் இடும் மதிப்பெண். உலகளவில் இதன் பெரிய வடிவம் ஐஎம்டிபி தளம். அதன் முதல் 250 படங்களின் பட்டியலில் இடம்பெறக் குறைந்தது 25,000 வாக்குகள் வேண்டும். வாக்கு குறைந்த படங்களின் மதிப்பெண் பொதுச் சராசரியை நோக்கி இழுக்கப்படும் வகையில் சூத்திரம் அமைக்கப்பட்டிருக்கிறது. இங்கே மறுமதிப்பீடு ஓயாமல் நடக்கிறது. அதோடு ஒரு மறைமுகச் சாய்வும் நுழைகிறது. புதுப்படத்துக்கு முதல் வாரத்தில் டிக்கெட் எடுப்பவர்களில் நடிகருக்காக வந்தவர், பண்டிகைக்காக வந்தவர், குடும்பத்தோடு வேறு வழியின்றி வந்தவர் எல்லோரும் உண்டு. இருபது ஆண்டுப் பழைய படத்தை இன்று தேடிப் பார்ப்பவரோ, “நல்ல படம்” என்று யாரோ சொல்லிக் கேட்டு வந்தவர். பிடிக்காது என்று கருதியவர் அந்தப் பக்கமே வருவதில்லை. படத்தில் ஒரு பிரேம்கூட மாறாமல், வாக்களிக்கும் கூட்டம் மாறியதாலேயே சராசரி உயரும்.

நிபுணர் பட்டியல்களும் இதற்கு விலக்கல்ல. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ முதலிடம், 2012இல் ‘வெர்டிகோ’, 2022இல் ஷான்தால் ஆகர்மனின் ‘ஜான் டீல்மன்’ (1975). 2012இல் 846 பேர் வாக்களித்தனர். 2022இல் அந்த எண்ணிக்கை 1,600ஐத் தாண்டியது. ரசனை மாறியது எவ்வளவு, வாக்காளர் மாறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

4. கைக்குக் கிடைத்தல்

மறுமதிப்பீட்டுக்கு முதல் நிபந்தனை படம் பார்க்கக் கிடைப்பது. ஃபிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ (1946) வெளியானபோது எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறினார்கள். கட்டணமின்றிக் கிடைத்த படத்தை அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் கிறிஸ்துமஸ்தோறும் ஒளிபரப்பின. இன்று அது அந்நாட்டின் பண்டிகைப் படம். ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ (1994) கதையும் இதற்கு நெருக்கமானது. அரங்குகளில் செலவைக்கூட எடுக்காத அந்தப் படம், வாடகை வீடியோ மூலமாகவும் கேபிள் டிவியின் இடைவிடாத ஒளிபரப்பின் மூலமாகவும் வீடுகளுக்குள் நுழைந்து, பின்னர் ஐஎம்டிபி பட்டியலின் உச்சியில் அமர்ந்தது.

எதிர்ச் சான்றும் உண்டு. ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958) உரிமை அவரிடமே இருந்ததால் பல ஆண்டுகள் வெளியே காட்டப்படவில்லை. அந்தக் காலத்தில்தான், 1982இல், அது முதன்முறையாக ‘சைட் அண்ட் சவுண்ட்’ முதல் பத்துக்குள் வந்தது. கிடைக்காமையும் ஒரு படத்தின் மதிப்பைக் கூட்டக்கூடும் என்று இதிலிருந்து வாதிடலாம். ஆனால் அன்று வாக்களித்தவர்கள் படத்தை முன்பே பார்த்திருந்த விமர்சகர்கள். அது முதலிடம் வரை ஏறியது 1980களின் மறுவெளியீட்டுக்கும் 1996இன் மறுசீரமைப்புக்கும் பிறகுதான். விமர்சகரின் நினைவு ஒரு படத்தைச் சிறிது காலம் தாங்கிப் பிடிக்கும். பொது மதிப்புக்குப் பிரதி வேண்டும்.

தமிழில் ‘அன்பே சிவம்’ (2003) இதற்கு நல்ல சான்று. அந்தப் பொங்கலுக்கு விக்ரமின் ‘தூள்’, விஜய்யின் ‘வசீகரா’, விஜயகாந்தின் ‘சொக்கத்தங்கம்’ ஆகியவை களத்தில் இருந்தன. ‘உள்ளத்தை அள்ளித்தா’ கொடுத்த சுந்தர் சி. இயக்குகிறார், கமல் எழுதி நடிக்கிறார் என்றதும் கூட்டம் எதிர்பார்த்தது சிரிப்பு. வந்ததோ தழும்பேறிய முகம், சோடாபுட்டிக் கண்ணாடி, சீரில்லாத நடை. வழியெல்லாம் வர்க்கம், கடவுள், மனிதம் என்று பேசும் ஒரு தொழிற்சங்கவாதி. கரும்பும் புத்தாடையுமாக வந்த கூட்டத்துக்கு அது ஒட்டவில்லை. அதே படம் தொலைக்காட்சியில், விடுமுறைப் பிற்பகல்களில், டிக்கெட் செலவும் பண்டிகை எதிர்பார்ப்பும் இல்லாமல் பார்க்கக் கிடைத்தபோது வேறு படமாகத் தெரிந்தது. அந்தத் தொழிற்சங்கவாதி நல்லசிவமும் வழித்துணையான அன்பரசுவும் புவனேஸ்வரத்திலிருந்து சென்னை வரை விமானமின்றித் திண்டாடும் பயணம், நடுவில் இருந்து பார்த்தாலும் பிடிபடும் துண்டுக் காட்சிகளால் ஆனது. தொலைக்காட்சிக்கு இது தோதான வடிவம். அரங்கில் தொய்வு என்று சொல்லப்பட்ட அதே குணம் வீட்டில் வசதியாயிற்று.

மறுசீரமைப்பின் பலத்துக்கு ‘கர்ணன்’ (1964) உதாரணம். பி.ஆர். பந்துலு பெரும் பொருட்செலவில் வண்ணத்தில் எடுத்த இப்படம், அதே பொங்கலுக்கு வந்த எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்காரன்’ படத்தோடு மோதியது. செலவுக்கேற்ற வசூல் வரவில்லை என்பதே பரவலான கருத்து. 2012 மார்ச்சில் டிஜிட்டலில் சீரமைக்கப்பட்டு வந்தபோது சென்னையில் நூறு நாட்களைத் தாண்டியது. படத்தின் தகுதி நடுவில் கூடிவிடவில்லை. துலக்கமான படமும் ஒலியும் கொண்ட பிரதி கிடைத்தது.

இந்த வாசல் அடைபடுவதற்கும் ‘குணா’வே சாட்சி. 2024 பிப்ரவரியில் வெளியான மலையாளப் படம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, கொடைக்கானல் குணா குகையையும் அந்தக் குகைக்குள் ஒலித்த பாடலையும் புதிய தலைமுறையிடம் சேர்த்தது. ‘குணா’வை மறுபடி வெளியிட ஏற்பாடு நடந்தபோது, உரிமை குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் அது தள்ளிப்போனது. ரசிகர் தயாராக இருந்தார், காலமும் கனிந்திருந்தது, தாமதித்தது பத்திரம்.

பிரதியே இல்லாத படங்களுக்கு இந்த வாய்ப்பும் கிடையாது. நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’, முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) ஆகியவற்றை இன்று எவரும் பார்க்க முடியாது; அவற்றுக்கு மார்க் போட வழியே இல்லை. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ படங்களின் மூல நெகட்டிவ் கெட்டுப்போனதைப் பாலு மகேந்திரா வருத்தத்தோடு பேசியிருக்கிறார். தேசிய விருது பெற்ற, அவரது தலைசிறந்த ஆக்கங்கள் என்று கருதப்படும் படங்களுக்கே இதுதான் கதி என்றால், விருதும் நட்சத்திரமும் இல்லாதவற்றின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

5. பரிந்து பேசும் பெயர்

பிரதி இருந்தால் மட்டும் போதுமா? சி. ருத்ரய்யா இயக்கியவை இரண்டே படங்கள். முதலாவது ‘அவள் அப்படித்தான்’ (1978), கறுப்பு வெள்ளையில். ஸ்ரீபிரியா, கமல்ஹாசன், ரஜினிகாந்த் நடித்தது. இரண்டாவது ‘கிராமத்து அத்தியாயம்’ (1980); நட்சத்திரங்கள் இல்லாதது. முதலாவது வெளியானபோது பெரிதாக ஓடவில்லை. இன்றோ தமிழின் தலைசிறந்த படங்களைப் பட்டியலிடும் எவரும் அதைத் தவிர்ப்பதில்லை. நாயகி மஞ்சுவின் கசப்பு, பெண்ணுரிமை பேசும் ஆணின் கோழைத்தனம், வெளிப்படையான ஆணாதிக்கவாதியாக ரஜினியின் பாத்திரம் எல்லாம் அலசப்படுகின்றன. இரண்டாவது படமோ இளையராஜாவின் பாடல் வழியாகவே நினைவில் நிற்கிறது. பாட்டைக் கேட்டவர்களில் படத்தைப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

இரண்டும் சமமான படங்கள் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அவற்றை ஒப்பிட்டுச் சொல்லும் வாய்ப்பே பலருக்குக் கிடைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ‘அவள் அப்படித்தா’னுக்குத் திரும்பி வர வழி தந்தது, கமலும் ரஜினியும் பின்னர் அடைந்த உயரம். அவர்களின் முழுத் தொகுதியையும் பார்த்து முடிக்க நினைக்கும் ரசிகர் ஒருநாள் அந்தப் படத்துக்கு வந்தே தீருவார். தோற்றுப் பின் மீண்ட படங்களின் வழக்கமான பட்டியலைப் பாருங்கள்: கமல், மணிரத்னம், செல்வராகவன். எல்லோரும் தொடர்ந்து படமெடுத்து ரசிகர் வட்டத்தை வளர்த்துக்கொண்டவர்கள். ஒரு படத்தோடு காணாமல்போன இயக்குநரின் தோல்வி, மாபெரும் கலைப்படைப்பாகவே இருந்தாலும், வெறும் தோல்வியாகவே நின்றுவிடுகிறது.

6. பின்னால் நடந்தவை

2003 ஜனவரியில் ‘அன்பே சிவம்’ படத்தில் நல்லசிவம் சுனாமி பற்றிப் பேசியது அரங்கில் யார் மனத்திலும் நின்றிருக்காது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அதே வசனம் தீர்க்கதரிசனமாகப் பார்க்கப்பட்டது. “கமல் அப்பவே சொல்லிட்டாரு” என்ற வாதம் படத்தின் மதிப்பைக் கூட்டியது. கடற்கோள் பற்றிய அறிவியல் தகவலை ஒரு பாத்திரம் சொன்னதைத் தவிர அங்கே எந்த முன்னறிவிப்பும் இல்லை. ஆனாலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் நடந்ததை அறிந்தவர் அந்தக் காட்சியைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது.

செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010) இன்னும் சிக்கலானது. ஒளிந்து வாழும் சோழர் குடி படையினரால் சிதைக்கப்படும் அதன் இறுதிப் பகுதி, ஈழப் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குச் சில மாதங்களே கழித்துத் திரைக்கு வந்தது. முள்ளிவாய்க்காலின் சாயலை அதில் காண்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்று பெருகியிருக்கிறார்கள். படப்பிடிப்பு தொடங்கியதோ 2007இல். இயக்குநர் எண்ணியது எது, பார்வையாளர் கொண்டுவந்து சேர்த்தது எது என்பதை முற்றாகப் பிரிக்க இயலாது. வெளியான வாரத்தில் ‘குழப்பம்’ என்று மார்க் குறைக்கக் காரணமான அதே பகுதிதான் இன்று மார்க் கூட்டுகிறது.

7. இறங்கும் படங்கள்

மறுமதிப்பீடு ஒரு திசையில் மட்டும் நடப்பதல்ல. ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) பெருவெற்றி பெற்ற படம். வெளிநாட்டில் படித்துவந்த மனைவியை ‘அடக்கி’ வழிக்குக் கொண்டுவரும் கிராமத்துக் கணவனின் கதையை இன்று பார்ப்பவர் முகம் சுளிக்கிறார். உடனே எழும் தற்காப்பு: “அந்தக் காலம் அப்படி.” இந்தத் தற்காப்பையும் சான்றோடு நிறுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டே கே. பாலசந்தரின் ‘அரங்கேற்றம்’ (1973) குடும்பத்துக்காகத் தன்னை அழித்துக்கொள்ளும் பெண்ணின் பக்கம் நின்று பேசியது. அடுத்த ஐந்து ஆண்டுக்குள் ‘அவள் அப்படித்தான்’ வந்தது. அந்தக் காலத்திலேயே இரண்டு குரல்கள் இருந்தன. எனவே இன்றைய விமர்சனம் முழுவதும் இன்றைய அளவுகோலை அன்றைய படத்தின்மேல் திணிப்பதாகாது.

‘குணா’வுக்கும் இது பொருந்தும். மனநிலை பிறழ்ந்தவன் ஒரு பெண்ணைக் கடத்திப்போய்த் தன் அபிராமியாக வணங்குகிறான். அதைப் பரிசுத்தக் காதல் என்று கொண்டாடுவோரும், கடத்தப்பட்டவளின் அச்சம் ஏன் காதலாகக் கனிய வேண்டும் என்று கேட்போரும் இன்று எதிரெதிரே நிற்கிறார்கள். மீண்டுவந்த படம் பாராட்டை மட்டும் பெறுவதில்லை, 1991இல் யாரும் கேட்காத கேள்வியையும் எதிர்கொள்கிறது.

8. ஒரு மறுப்பு

“எல்லாம் வாய்ப்புதான் என்றால் தரத்துக்கு வேலையே இல்லையா?” என்று வாசகர் கேட்கலாம். ‘பாபா’ (2002) கதையை எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் அது சுருக்கப்பட்டு, ரஜினியின் புதிய குரல்பதிவோடு மறுபடி வந்தது. பிரதி இருந்தது, தமிழின் ஆகப்பெரிய பெயரும் இருந்தது. ரசிகர்கள் ஆரவாரமாகப் பார்த்தார்கள். ஆனால் படம் ‘கிளாசிக்’ என்ற பேச்சு நிலைக்கவில்லை. வாய்ப்பு மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

இந்தச் சிக்கலைத் தெளிவாக்கும் சோதனை ஒன்று உண்டு. சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகியோர் 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது அது. 14,000க்கு மேற்பட்டோரிடம் அறிமுகமில்லாத 48 பாடல்கள் தரப்பட்டன. மற்றவர்கள் எதை எத்தனை முறை தரவிறக்கினார்கள் என்பதைச் சிலருக்குக் காட்டினார்கள், சிலருக்கு மறைத்தார்கள். காட்டப்பட்டவர்கள் ஒன்றோடொன்று தொடர்பற்ற தனிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். குழுவுக்குக் குழு வெற்றிப்பட்டியல் மாறியது. மிக நல்ல பாடல்கள் அரிதாகவே அடிமட்டத்துக்குப் போயின. மிக மோசமானவை அரிதாகவே உச்சிக்கு வந்தன. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நேரலாம் என்று இருந்தது.

பழைய படங்களின் மறுவாழ்வை இதே வகையில் புரிந்துகொள்ளலாம். தகுதியில்லாத படத்தைப் பிரதியும் பெயரும் நெடுநாள் தாங்காது. தகுதியுள்ள படங்களுக்குள் எது மீள்கிறது, எது மறைகிறது என்பதைத் தீர்மானிப்பதில்தான் தொலைக்காட்சி உரிமையும் நெகட்டிவ் பெட்டியும் நட்சத்திரத்தின் புகழும் பங்கெடுக்கின்றன.

9. முடிவுரை

இதிலிருந்து ரசிகர் விவாதத்துக்கு மூன்று நடைமுறை விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, பார்த்தது எந்த வடிவம் என்று சொல்லாமல் மார்க் போடுவது பயனற்றது. முழு ‘ஆளவந்தா’னை 2001இல் பார்த்தவரும் 2023இல் சுருக்கிய வடிவத்தைப் பார்த்தவரும் ஒரே படத்தைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாவது, ‘காலத்துக்கு முந்திய படம்’ என்பது பாராட்டாகத் தோன்றினாலும், அன்றைய பார்வையாளர் ஏன் மறுத்தார் என்ற ஆராய்ச்சியை அது மூடிவிடுகிறது. பண்டிகை நாள், போட்டிப் படம், விளம்பரம் தந்த எதிர்பார்ப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தால், அன்றைய மறுப்புக்கும் நியாயம் இருந்தது புரியும். மூன்றாவது, எல்லாக் காலத்துக்குமான நூறு தமிழ்ப் படங்கள் என்று பட்டியல் போடும் எவரும், எஞ்சியிருப்பவற்றில் நூறு என்றே அதைக் கொள்ள வேண்டும்.

புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் தொடங்கும்போதே தமிழின் மௌனப் படங்களும் தொடக்ககாலப் பேசும்படங்களும் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. இப்போதும் அரங்குக்குத் திரும்புபவை வணிக மதிப்புள்ள நட்சத்திரப் படங்களே. லாபம் தராத படத்தைச் சீரமைக்கத் தயாரிப்பாளருக்குக் காரணம் இல்லை. அந்த வேலையைச் சந்தையிடம் விட்டுவிட்டால், நாளைய ரசிகரும் இதே பத்து இருபது படங்களைத்தான் ‘மீட்டெடுப்பார்’. ‘கிராமத்து அத்தியாயம்’ நல்ல படமா இல்லையா என்று பத்துப் பேர் உட்கார்ந்து சண்டையிட வேண்டுமானால், முதலில் அதன் நல்ல பிரதி ஒன்றைத் தேடிச் சீரமைத்துத் திரையிட வேண்டும். திரைப்படச் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் செய்யக்கூடிய வேலை அது. மார்க்கை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.